செட்டிநாட்டு வீட்டில் இரண்டு மோடம், ஒரு ரவுட்டர்: ஈதர்நெட் கேபிள் இணைக்கும் முறை

கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடிப் பக்கம் பெரிய வீட்டை விடுதியாக நடத்துகிறவர்களுக்கும், வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்தபடி கேமராவில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் ஒற்றை இணைய இணைப்பு போதாது. கோடை மழையோடு வரும் இடியில் ஒரு மோடம் போய்விடும், ரோடு தோண்டுகிறவர் ஃபைபரை அறுத்துவிடுவார், அணில் கடித்துவிடும். அதனால் இரண்டாவதாக ஒரு நிறுவனத்தின் இணைப்பையும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் இரண்டு ஃபைபரும் ஒரே கம்பத்திலிருந்து வந்து, ஒரே துளை வழியாக உள்ளே நுழைந்து, இரண்டு மோடமும் ஒரே ப்ளக் பாயிண்டில் நின்றால், கட்டுகிற பில்தான் இரண்டு. அறுந்தால் இரண்டும் சேர்ந்தே அறும்.

இந்த விஷயத்தில் செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு வசதி இருக்கிறது. பெரும்பாலான பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக, தெருவுக்குத் தெரு நீண்டு கிடக்கின்றன. முதல் நிறுவனத்தின் ஃபைபரை முகப்புத் தெருக் கம்பத்திலிருந்தும், இரண்டாவதைப் பின்தெருக் கம்பத்திலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள். லைன்மேன் தனக்குச் சுலபமான பக்கமாகவே இரண்டையும் இழுக்கப் பார்ப்பார். அவர் வரும் நாளில் வீட்டில் இருந்து இதைச் சொல்லி வாங்குவது, பிறகு செய்யப்போகும் எல்லா வேலையையும்விட முக்கியம். பின்தெருவில் ஃபைபரே இல்லை என்றால், இரண்டாவது இணைப்பாக சிம் போடும் 4ஜி அல்லது 5ஜி ரவுட்டரை வைத்துக்கொள்ளலாம். அதை வளவுக்குள் (வீட்டின் நடு முற்றப் பகுதி) வைத்தால் சிக்னல் குறையும். மேல்மாடியில், வெளிச்சுவர் ஜன்னல் ஓரம் வையுங்கள்.

இப்படிச் செய்தால் ஒரு மோடம் முகப்பில் இருக்கும், மற்றொன்று பின்கட்டில். இரண்டையும் ஒரே ரவுட்டருக்குக் கொண்டுவரும் கேபிள் எப்படிப் போகிறது என்பதில்தான் வேலை முழுவதும் அடங்கியிருக்கிறது.

தேவையான பொருட்கள்

இரண்டு வேன் போர்ட் (WAN, வெளி இணையம் உள்ளே வரும் துளை) உள்ள ரவுட்டர் ஒன்று. ‘டூயல் வேன்’ அல்லது ‘மல்டி வேன்’ என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு வைஃபை ரவுட்டர்களில் பெரும்பாலும் ஒரே ஒரு வேன் போர்ட்தான் இருக்கும். 8 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் (ஒரு இணைப்பைப் பல சாதனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஒன்று. கேட் 6 கேபிள், முழுச் செம்பு. கேபிள் முனையில் மாட்டும் ஆர்ஜே 45 கனெக்டர், தேவையைவிடக் குறைந்தது பத்து கூடுதலாக. கிரிம்பிங் டூல், கேபிள் டெஸ்டர். மோடம், ரவுட்டர், ஸ்விட்ச் ஒவ்வொன்றும் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்துக்கு ஒரு மினி யூபிஎஸ்.

கேபிள் வாங்கும்போது ஏமாறாதீர்கள். விலை குறைவான பெட்டிகளில் பெரும்பாலானவை அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியவை. உறையில் ‘சிசிஏ’ என்று அச்சிட்டிருந்தால் வேண்டாம். அச்சு இல்லை என்றால் ஒரு இழையின் மேல்பரப்பைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம். இரண்டு மீட்டருக்கு அது ஓடும். 60 மீட்டர் போட்டால் இணைப்பு விட்டு விட்டு வரும், நான்கு முறை மடக்கினால் இழை முறியும். கனெக்டரும் கேட் 6-க்கு உரியதாகவே இருக்கட்டும். கேட் 6 இழை தடிமனானது, கேட் 5இ கனெக்டரின் பள்ளத்தில் முழுதாக உட்காராது. டெஸ்டரில் ஒரு நாள் எட்டு விளக்கும் எரியும், மறுநாள் ஏழுதான் எரியும்.

பாதையை முதலில் அளக்க வேண்டும்

செம்பு ஈதர்நெட்டுக்கு எல்லை 100 மீட்டர். நிலையாகப் பதிக்கும் கேபிள் 90 மீட்டர், இரு முனையிலும் சாதனத்தோடு சேர்க்கும் குட்டைக் கேபிள் (பேட்ச் கார்டு) மொத்தம் 10 மீட்டர் என்று கணக்கு. தரையில் நடந்து அளந்த நீளத்தை நம்பாதீர்கள். முகப்பிலிருந்து பின்கட்டு 60 மீட்டர் என்றால், கேபிள் சுவரேறி, வளவைச் சுற்றி, இரண்டாங்கட்டு நிலைக்கு மேலே போய் இறங்குவதற்குள் 80 மீட்டரைத் தாண்டிவிடும். ஒரு சணல் கயிற்றைக் கேபிள் போகப்போகும் வழியிலேயே பிடித்துக்கொண்டு போய், பிறகு கயிற்றை அளப்பதுதான் சரியான அளவு தரும். ரவுட்டரை ஒரு மூலையில் வைக்காமல் நடுவில், அதாவது இரண்டாங்கட்டு அறை ஒன்றில் வைத்தால் இரண்டு பக்கமும் நீளம் பாதியாகிவிடும்.

சுவரில் காடி வெட்டவே கூடாது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த அந்தப் பூச்சை உடைத்தால், அதே மாதிரி திரும்பப் பூசும் கொத்தனார் கிடைப்பது அரிது. பசை நாடாவும் வேண்டாம், கழற்றும்போது மேல்பூச்சும் சேர்ந்து உரிந்து வரும். பர்மா தேக்குத் தூணிலும் நிலையிலும் ஆணியோ ஸ்டேப்பிளோ அடிக்காதீர்கள். பழைய மின்வயருக்குப் போட்ட மரப்பட்டி இருந்தால் அதற்கு இணையாக, ஒரு சாண் தள்ளி, தனிப் பிவிசி பட்டியில் கேபிளைக் கொண்டுபோகலாம். பட்டியை உத்திரத்துக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடுக்கில் வைத்தால் கண்ணிலும் படாது. ஏற்கனவே இருக்கிற காற்றுத் துளைகள், ஜன்னல் சட்டத்தின் மேலிடுக்கு இவற்றைத் தேடிப் பிடியுங்கள். புதுத் துளை தவிர்க்கவே முடியாது என்றால் பின்கட்டில், அடுப்படிப் பக்கச் சுவரில் போடுங்கள். மின்வயரைக் கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காக, நேர்கோணத்தில் கடந்துவிட வேண்டும். மின்வயரோடு சேர்த்துக் கட்டி ஓடவிட்டால் இரைச்சல் ஏறும், பழைய வயர் உரிந்திருந்தால் ஆபத்தும்கூட.

வளவின் மேல் திறந்த வானத்தில் கேபிளைத் தொங்கவிடாதீர்கள். வீட்டுக்குள் போடும் பிவிசி உறை வெயிலில் வெடித்துவிடும், மழை நீர் உறைக்குள் புகுந்து கேபிள் வழியாகவே ரவுட்டர் வரை வரும். வெளியே போயே ஆக வேண்டும் என்றால் கறுப்பு உறை போட்ட வெளிப்புறக் கேபிள் வாங்குங்கள். உள்ளே நுழையும் முன் துளைக்குக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றினால் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

எங்கே செம்பு, எங்கே ஃபைபர்

முகப்புக்கும் பின்கட்டுக்கும் தனித்தனி மின் மீட்டர், தனித்தனி எர்த் இருக்கிற வீடுகள் உண்டு. பங்காளிகள் பிரித்துக்கொண்ட வீடுகளில் இது சாதாரணம். இரண்டு எர்த்துக்கு நடுவே நீளமான செம்புக் கேபிள் ஓடினால், பக்கத்தில் எங்காவது இடி விழும்போது இரு முனைகளுக்கும் இடையே மின்னழுத்த வித்தியாசம் ஏற்பட்டு, மோடத்தின் லேன் (LAN, வீட்டுச் சாதனங்கள் பக்கத்து) போர்ட்டோ ரவுட்டரின் வேன் போர்ட்டோ எரிந்துபோகும். விளக்குகள் எல்லாம் எரியும், அந்த ஒரு போர்ட் மட்டும் செத்துக் கிடக்கும்.

இப்படிப்பட்ட வீட்டிலும், கேபிள் நீளம் 90 மீட்டரைத் தாண்டும் வீட்டிலும், அந்த நீள ஓட்டத்துக்கு ஃபைபர் போடுங்கள். இரு முனையிலும் கிகாபிட் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபர் ஒளியையும் ஈதர்நெட்டையும் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் பெட்டி) வேண்டும். ஒற்றை இழை வகையை வாங்கினால் ஏ, பி என்று ஜோடியாக வாங்க வேண்டும். ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-இல் வாங்கும், மற்றொன்று தலைகீழாக. இரண்டும் ஏ வகையாக இருந்தால் விளக்கு எரியவே எரியாது. ஃபைபர் முனையின் நிறத்தையும் பாருங்கள். மோடத்துக்கு வரும் முனை பெரும்பாலும் பச்சை, கன்வெர்ட்டரில் இருக்கும் முனை பெரும்பாலும் நீலம். பச்சை முனை சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத்தோடு சேர்த்துச் செருகினால் ஒளி இழப்பு அதிகமாகும், முனையும் கெடும். ஃபைபரின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

கனெக்டர் அடித்தல்

இரு முனைக்கும் டி568பி என்ற நிற வரிசை. கனெக்டரின் கொக்கி கீழே இருக்க, கேபிள் உங்கள் பக்கம் வர, இடமிருந்து வலம்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். வெளி உறை கனெக்டருக்குள் போய், பின்னால் உள்ள பிடி அதன்மேல் அழுந்த வேண்டும். பிடி வெறும் இழைகள் மேல் அழுந்தினால் ஆறு மாதத்தில் கழன்றுவிடும்.

பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஞாபகத்துக்குச் சுலபம் என்று நான்கு ஜோடிகளையும் அடுத்தடுத்து, ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று இரு முனையிலும் அடுக்கிவிடுவார்கள். டெஸ்டரில் ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக விளக்கு எரியும், கேபிள் சரி என்றே தோன்றும். ஆனால் 3-ஆம் 6-ஆம் முனைகள் ஒரே முறுக்கில் வர வேண்டியவை. இந்த அடுக்கில் அவை வெவ்வேறு ஜோடிக்குப் போய்விடுகின்றன. முறுக்கு இரைச்சலை அடக்குவதற்காகத்தான் இருக்கிறது. குட்டைக் கேபிளில் வேலை செய்யும், நீளக் கேபிளில் பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) வழியிலேயே தொலையும். விலை குறைந்த டெஸ்டர் எந்த முனை எந்த முனையோடு சேர்ந்திருக்கிறது என்பதை மட்டுமே காட்டும், எந்த ஜோடி என்பதைக் காட்டாது. ஆகவே நிறத்தைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

இன்னொரு அடையாளம்: 300 எம்பிபிஎஸ் பிளான் எடுத்திருக்கிறீர்கள், ஆனால் வேகம் 95-க்கு மேல் ஏறவில்லை. நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு இழை தொடவில்லை என்று அர்த்தம். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு இழை போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். முனையை வெட்டி மறுபடி அடியுங்கள்.

இணைக்கும் வரிசை

1. ரவுட்டரையும் ஸ்விட்ச்சையும் அணைத்துவிட்டு, லேப்டாப்பை மோடம் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் செருகி இணையம் வருகிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் மேலே போனால், பிறகு பிரச்சினை மோடத்திலா ரவுட்டரிலா என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போகும்.

2. இரண்டு மோடத்தின் ஐபி முகவரியையும் (வலையில் அதை அடையாளம் காட்டும் எண்) பாருங்கள். இரண்டும் 192.168.1.1 ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியே விட்டால் ரவுட்டருக்கு இரண்டு வேன் பக்கமும் ஒரே வலையாகத் தெரிந்து, எந்தப் பக்கம் அனுப்புவது என்று குழம்பும். முதல் மோடம் 192.168.1.1, இரண்டாவது 192.168.2.1, ரவுட்டரின் லேன் பக்கம் 192.168.10.1 என்று வைத்துவிடுங்கள்.

3. முகப்பு மோடத்தின் லேன் 1-லிருந்து ரவுட்டரின் வேன் 1-க்கு ஒரு கேபிள். பின்கட்டு மோடத்தின் லேன் 1-லிருந்து வேன் 2-க்கு இன்னொரு கேபிள். ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து ஸ்விட்ச்சுக்கு ஒரே ஒரு கேபிள். வைஃபை ஆக்சஸ் பாயிண்ட், கேமராப் பெட்டி, கார்டு மெஷின் எல்லாம் ஸ்விட்ச்சிலிருந்துதான்.

மூன்றாவது படியில்தான் பெரும்பாலான வீடுகளில் தப்பு நடக்கிறது. போர்ட் காலியாக இருக்கிறதே என்று ஏதாவது ஒரு மோடத்திலிருந்து நேராக ஸ்விட்ச்சுக்கும் ஒரு கேபிள் போட்டுவிடுவார்கள். உடனே ரவுட்டரும் மோடமும் ஆளுக்கொரு பக்கம் முகவரி கொடுக்க ஆரம்பிக்கும். சில போன்கள் 192.168.10 வரிசையிலும் சில 192.168.1 வரிசையிலும் இருக்கும். முதல் இணைப்பு அறுந்தால் பாதிப் பேருக்கு இணையம் மாறும், மீதிப் பேருக்கு மாறாது. ரவுட்டருக்கும் ஸ்விட்ச்சுக்கும் நடுவே இரண்டு கேபிள் போடுவது இன்னும் மோசம். பாக்கெட்டுகள் வளையத்துக்குள் சுற்றிக்கொண்டே இருந்து, சில நொடிகளில் வலை முழுவதும் நின்றுபோகும். ஸ்விட்ச்சின் எல்லா விளக்குகளும் ஒரே சீராக, வேகமாக மின்னினால் முதலில் இந்த வளையத்தைத் தேடுங்கள்.

நிறம் பிரித்துவிட்டால் இந்தத் தவறு குறையும். வேன் 1 நீலக் கேபிள், வேன் 2 மஞ்சள், மற்றவை எல்லாம் சாம்பல். இரு முனையிலும் ‘முகப்பு மோடம்’, ‘பின்கட்டு மோடம்’ என்று தமிழிலேயே சீட்டு ஒட்டுங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது, வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் போனில் “அண்ணே, மஞ்சளைக் கழற்றி மறுபடி செருகுங்க” என்று சொன்னால் போதும்.

மோடத்தை ‘பிரிட்ஜ்’ முறையில் (இணைப்பை அப்படியே ரவுட்டருக்குக் கடத்திவிடும் முறை) வைத்து ரவுட்டரிலேயே யூசர்நேம் பாஸ்வேர்ட் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், சில நிறுவனங்கள் தரும். அப்போது ரவுட்டரில் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1492 என்று வையுங்கள், இல்லாவிட்டால் சில தளங்கள் மட்டும் பாதியில் நிற்கும். விடுதிக்கும் வீட்டுக்கும் மோடத்தை அப்படியே ரவுட்டர் முறையில் விடுவதே எங்கள் யோசனை. ஃபைபர் நிறுவனத்து ஆள் வந்து மோடத்தை மாற்றினாலும் உங்கள் பக்கம் எதையும் தொட வேண்டியிருக்காது.

ரவுட்டரில் செய்ய வேண்டியது

‘லோட் பாலன்ஸ்’ (இரண்டிலும் பகிர்ந்து அனுப்புவது) வேண்டாம், ‘ஃபெயில் ஓவர்’ (ஒன்று அறுந்தால் மட்டும் மற்றதுக்கு மாறுவது) மட்டும் வையுங்கள். இரண்டு இணைப்பிலும் மாறி மாறி அனுப்பினால், ஒரே ஆள் இரண்டு முகவரியிலிருந்து வருவதாக வங்கித் தளத்துக்குத் தெரிந்து பாதியில் வெளியேற்றிவிடும். முன்னோரை வழிபடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் சொந்தமெல்லாம் வந்து நிறைந்திருக்கும் நாட்களில் வேகம் போதவில்லை என்றால், அப்போது மட்டும் லோட் பாலன்ஸை இயக்குங்கள். ஒரு போன் ஒரே இணைப்பிலேயே நிற்கும்படியான அமைப்பையும் சேர்த்து இயக்க வேண்டும்.

இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்பதை ரவுட்டர் எப்படிச் சோதிக்கிறது என்பதைக் கவனியுங்கள். தெருவில் ஃபைபர் அறுந்தாலும் மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள ஈதர்நெட் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். மோடத்தின் முகவரியை பிங் செய்தாலும் (சிறு சோதனைச் செய்தி அனுப்பிப் பதில் கேட்டாலும்) பதில் வரும். ரவுட்டர் இதை நம்பிவிட்டால் கடைசிவரை இரண்டாவது இணைப்புக்கு மாறாது. எனவே வெளி முகவரியை பிங் செய்யச் சொல்லுங்கள்: வேன் 1-க்கு 8.8.8.8, வேன் 2-க்கு 1.1.1.1. ஐந்து நொடிக்கு ஒரு முறை, மூன்று முறை தொடர்ந்து பதில் வராவிட்டால் மாறு என்று வைத்தால் சுமார் 15 நொடியில் மாறிவிடும். இன்னும் குறைத்தால், மழை நேரத்தில் இணைப்பு தள்ளாடும்போதெல்லாம் அங்குமிங்கும் தாவிக்கொண்டே இருக்கும். முதல் இணைப்பு திரும்பி வந்ததும் உடனே மாறாமல் இரண்டு நிமிடம் காத்திருக்கச் சொல்லும் வசதி இருந்தால் அதையும் இயக்குங்கள்.

டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரிக்கு நிறுவனம் தருவதைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு நிறுவனத்தின் டிஎன்எஸ், மற்ற நிறுவனத்தின் இணைப்பு வழியே கேட்டால் பதில் தராமல் போகலாம். பொது டிஎன்எஸ் வையுங்கள், ஆனால் மேலே சோதனைக்குக் கொடுத்த அதே முகவரியை வைக்காதீர்கள். சில ரவுட்டர்கள் சோதனை முகவரியை அந்த ஒரு வேனோடு கட்டிவிடும். அந்த வேன் போனால் அந்த முகவரியும் உங்களுக்குப் போய்விடும். 9.9.9.9, 8.8.4.4 நல்ல தேர்வு.

மின்சாரம்

இரண்டு மோடமும் ரவுட்டரும் ஒரே இன்வெர்ட்டரை நம்பி இருந்தால், அது பழுதான அன்று இரண்டு இணைப்பும் இல்லை. மோடம் ஒவ்வொன்றுக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் போடுங்கள். அடாப்டரில் அச்சிட்ட வோல்ட்டும் ஆம்பியரும் யூபிஎஸ்ஸோடு ஒத்துப்போக வேண்டும். 12 வோல்ட் மோடத்துக்கு 9 வோல்ட் கொடுத்தால் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். 28 வாட்-மணி பேட்டரி, 8 வாட் இழுக்கும் மோடத்தை ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓட்டும். மீடியா கன்வெர்ட்டருக்கும் யூபிஎஸ் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மோடம் எரியும், ரவுட்டர் எரியும், நடுவில் அது ஒன்று அணைந்து கிடக்கும்.

சோதித்துப் பார்த்தல்

ஈதர்நெட் கேபிளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு “மாறுது, சரி” என்று முடித்துவிடாதீர்கள். கேபிளைப் பிடுங்கினால் எந்த ரவுட்டரும் மாறும். அறுவது தெருவில், அதனால் மோடத்தின் பின்னால் இருக்கும் ஃபைபரைக் கழற்றுங்கள். கழற்றியதும் முனைக்கு மூடி போடுங்கள், தூசி பட்டால் ஒளி குறையும். மோடத்தில் எல்ஓஎஸ் (ஃபைபரில் ஒளி வரவில்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக மின்னும், ஈதர்நெட் விளக்கு பச்சையாகவே இருக்கும். விண்டோஸ் லேப்டாப்பில் 9.9.9.9-க்குத் தொடர்ந்து பிங் ஓடவிடுங்கள். 8.8.8.8-ஐ பிங் செய்தால் சில ரவுட்டர்களில் மாறிய பிறகும் பதில் வராமல், மாறவில்லை என்று தப்பாக நினைத்துவிடுவீர்கள். மூன்று, நான்கு பதில்கள் தவறிப் பிறகு ஓட வேண்டும். ஓடிக்கொண்டிருந்த வாட்ஸ்அப் கால் சில நொடி நின்று தானாகச் சேர்ந்துகொள்ளும். கார்டு மெஷினில் பாதியில் இருந்த பரிவர்த்தனை மட்டும் தோற்றுப்போகும், அதைத் திரும்பப் போட வேண்டியதுதான்.

பிறகு பின்கட்டு மோடத்துக்கும் இதே சோதனை. இரண்டாவது இணைப்பு மாதக்கணக்கில் சும்மா இருக்கும், ரீசார்ஜ் முடிந்துபோனதுகூடத் தெரியாது. மாதம் ஒரு நாள் முகப்பு மோடத்தை அணைத்துவிட்டு, அன்று முழுவதும் இரண்டாவதிலேயே வீட்டை ஓட்டுங்கள்.

ரவுட்டர் ஒன்றுதான் இருக்கிறது, அது எரிந்தால் என்ன செய்வது? அமைப்பு முழுவதையும் ஃபைலாகச் சேமித்து, அதே மாடல் இன்னொன்றை அலமாரியில் வையுங்கள். அதற்கு வசதி இல்லை என்றால், ஸ்விட்ச்சிலிருந்து ரவுட்டருக்குப் போகும் சாம்பல் கேபிளின் ரவுட்டர் முனையைக் கழற்றுங்கள். முகப்பு மோடத்திலிருந்து வரும் நீலக் கேபிளை வேன் 1-லிருந்து எடுத்து நேராக ஸ்விட்ச்சில் செருகுங்கள். எல்லாச் சாதனத்தையும் ஒரு முறை அணைத்து எழுப்பினால் இணையம் வந்துவிடும். நிலையான முகவரி கொடுத்து வைத்த கேமராப் பெட்டி மட்டும் வராது. அதற்கு 192.168.1 வரிசையில் புது முகவரி கொடுக்க வேண்டும்.